தந்தி மனிதனுக்கு ஒரு கடிதம்

அன்று சுவரில் ஓடியது 'குவாரி மிருகம்' சினிமா வரிசையில் முதல் படமா, இரண்டாம் படமா என்று வெர்னனுக்கு இப்போது நிச்சயமில்லை. மிருகமாக நடித்தவனின் ரப்பர் உடையில், முதுகில் ஜிப் தெரிந்தது நினைவிருக்கிறது. ஆனால் இரண்டு படங்களிலும் அது தெரியும்.

முதல் ரீல் முடிந்திருந்தது என்பது மட்டும் உறுதி.

ஆக்ரன் நகரில், அவன் வீட்டு நிலவறையில், மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் மூன்று பேர் உட்கார்ந்து பழைய மிருகப் படம் பார்ப்பது நாற்பது வருட வழக்கம். வெர்னன், எதிர்வீட்டு ரஸ்ஸல், ரஸ்ஸலின் மனைவி மார்லீன்.

மிருகம் தலையை நீட்டும்போதெல்லாம், டயர் ஆலையில் வேலை பார்த்த ரஸ்ஸல், "நம்ம ஊரு ரப்பர்டா, கிழியாது" என்பான். மார்லீன் ஒவ்வொரு முறையும் சிரிப்பாள். ஒரே நகைச்சுவைக்கு நாற்பது வருடமாக ஒரு பெண் சிரிக்கிறாள் என்பதை வெர்னனால் தாங்க முடிந்ததில்லை.

மார்ச்சில் ரஸ்ஸல் இறந்துபோனான். அன்றுதான் அதற்குப் பிறகான முதல் படச் சனிக்கிழமை. மூன்றாவது நாற்காலியை மடித்து ஓரமாகச் சாய்த்தபோது வெர்னனுக்கு, வெட்கப்படும்படியான ஒரு நிம்மதி வந்தது.

ரீலை மாற்ற நான்கு நிமிடம் ஆகும். அதற்குள் அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான்.

பதினேழு வயதில் அவன் 'தந்தி மனிதன்' பைத்தியம். தந்திக் கம்பிக்குள் புகுந்து ஊர் ஊராகப் போகும் காமிக்ஸ் வீரன்; கம்பி அறுந்த ஊரில் அவனால் வெளியே வர முடியாது. ஐந்தே இதழ்கள். வாங்கியவர்களே மறந்துபோன வீரன்.

வாசகர் பக்கத்துக்கு வெர்னன் பதினோரு கடிதங்கள் எழுதினான். ஒன்றும் வரவில்லை. தன் பெயரைப் பார்த்தாலே ஆசிரியர் தூக்கிப் போடுகிறார் என்று தோன்றியது. பன்னிரண்டாவதை ரஸ்ஸலின் பெயரில், ரஸ்ஸலின் விலாசத்தில் அனுப்பினான்.

நான்காம் இதழில் அது வந்தது. அப்போதெல்லாம் கடிதத்தின் கீழே எழுதியவரின் முழு விலாசத்தையும் அச்சடிப்பார்கள்.

அதைப் படித்துவிட்டு இந்தியானாவிலிருந்து ஒரு பெண் ரஸ்ஸலுக்கு எழுதினாள். ஆகஸ்டில் பஸ் ஏறி வந்தே விட்டாள். தந்தி மனிதனின் சட்டை என்ன நிறம் என்றுகூட ரஸ்ஸலுக்குத் தெரியாது.

ரஸ்ஸல், மார்லீன் கல்யாணத்தில் வெர்னன்தான் மாப்பிள்ளைத் தோழன்.

அந்தப் பக்கத்தை மார்லீன் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினாள். ஒவ்வொரு நன்றித் திருநாள் விருந்திலும் அந்தச் சுவருக்கு நேர் எதிரே வெர்னனுக்கு இடம் போடுவாள். வான்கோழியை மென்றுகொண்டே தன் சொற்களை இன்னொருவன் பெயரோடு படிப்பான். விருந்தாளிகள் யாராவது கடிதத்தைப் புகழ்ந்தால் ரஸ்ஸல் தலையைக் குனிந்து சிரிப்பான். திருட்டுச் சிரிப்பு என்று அதற்கு வெர்னன் மனதுக்குள் பெயர் வைத்திருந்தான்.

இருவரும் அதைப் பற்றி ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை.

செத்தவனோடு போட்டி போடுவது அசிங்கம் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்தால், இத்தனை வருடம் யாருடைய சொற்களோடு குடித்தனம் நடத்தினோம் என்று ஒரு கணமாவது யோசிப்பாள். அந்த ஒரு கணம் தனக்குப் போதும் என்று நினைத்தான்.

விளக்கைப் போட்டான். மார்லீன் தான் பொரித்துக் கொண்டுவந்த முட்டைக்கோஸ் உருண்டைத் தட்டை மடியில் வைத்தபடி வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புரொஜெக்டர் சூடு தணியும் வாடை.

"கூடத்துல மாட்டியிருக்கியே, அந்தக் கடிதம்," என்றான். "அது நான் எழுதினது."

அவள் திரும்பவில்லை.

"தெரியும் வெர்ன். வந்த அன்னிக்கே ரஸ் சொல்லிட்டான். 'நான் இல்லம்மா, இந்தத் தெருவுல தந்தி மனிதன் பைத்தியம் ஒருத்தன்தான், எழுதினவன் அதோ நிக்கிறான்'னு உன்னைத்தான் காமிச்சான்."

ஃபிலிமின் முனை அவன் விரலிலிருந்து நழுவியது.

வெர்னன் அப்போது தன் வீட்டு முன்னால் அப்பாவின் காரைக் கழுவிக்கொண்டிருந்தானாம். ரஸ்ஸல் இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையாட்டினானாம். வெர்னன் நிமிர்ந்து நன்றாகப் பார்த்துவிட்டு, குழாயை மூடி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டானாம்.

வந்துவிடுவான் என்று இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து இருட்டும் வரை பார்த்தார்களாம். பேச ஒன்றுமில்லாமல் ரஸ்ஸல் தனக்குத் தெரிந்த மிருகப் படங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தானாம். ஜிப் தெரிவது, ரப்பர் வால் கதவிடுக்கில் மாட்டிக்கொள்வது. அவள் சிரித்தாளாம்.

பிறகு நீயாகப் பேச்செடுப்பாய் என்று ரஸ் விட்டுவிட்டான் என்றாள். குரலில் குறை சொல்லும் தொனி இல்லை.

"முந்நூறு மைல் பஸ்ல உன்னைப் பாக்கத்தான் வந்தேன். நீ ஒரு தெருவத் தாண்டல."

காரும் குழாயும் அவனுக்கு நினைவிருந்தன. ஜன்னல் திரை இடுக்கு வழியாகப் பார்த்தபோது எதிர்ப்படியில் இருவரும் சிரித்துக்கொண்டிருந்ததும், அது தன்னைப் பற்றித்தான் என்று நினைத்ததும் நினைவிருந்தன. கையாட்டியதை மட்டும் எவ்வளவு தேடியும் காணவில்லை.

இரண்டாம் ரீலை மாட்டினான். கடைசி வரை பார்த்தார்கள்.

மார்லீன் அடுத்த வசந்தத்தில் வீட்டை விற்றுவிட்டு இந்தியானாவுக்கு, தங்கை வீட்டுக்குப் போனாள். கண்ணாடிச் சட்டத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். ரஸ்ஸல் ஊருக்கு வடக்கே கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறான். தந்தி மனிதனை அதற்குப் பிறகு யாரும் வரையவில்லை. வெர்னன் அதே வீட்டில் இருக்கிறான். எதிர்வீட்டுக்கு ஓர் இளம் தம்பதி வந்து மூன்று வருடமாகிறது; அவர்கள் பெயர் அவனுக்குத் தெரியாது.