கவிச்சி

“கடைசியா எப்ப மீன் சாப்பிட்டாங்க?”

மனநல மருத்துவர் கேட்டதற்கு அவன் சுவர்க் காலண்டரைப் பார்த்தான். விடை அதில் இல்லை.

மூன்று வருடமாயிற்று.

தூக்கம் கெட்டு அவன் மனைவி தனியாகப் பேச ஆரம்பித்தபோது, கோயிலில் குறி சொன்னவர் புத்தி தெளியும்வரை கவிச்சி ஆகாது என்றார். முட்டை, பால்கூட வேண்டாம். ஒரு வேளை வெறும் பச்சரிசிச் சோறு.

நேர்ந்துகொண்டது அவன். விரதம் இருந்தது அவள்.

அவன் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு, வீட்டு வாசலில் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டு உள்ளே போவான்.

ஒருமுறை நெத்திலிக் குழம்பு கேட்டு அழுதாள். அவள் கேட்கவில்லை, அவளைப் பிடித்த பேய்தான் கேட்கிறது என்றார்கள். அவனும்தான் சொன்னான். அன்று அந்த ஒரு வேளைச் சோறும் கிடைக்கவில்லை.

“அவங்களுக்குப் பைத்தியம் இல்லங்க. ரத்தத்துல பி12 சத்து அடியோட கொறஞ்சு போச்சு. மறதி, தனியாப் பேசுறது முத்துனது, காலு மரத்துப் போறது, எல்லாம் அதனாலதான். ஊசி போட்டா மெதுவாத் தெளிஞ்சிருவாங்க. மீன், முட்டை, பால் எல்லாம் நல்லாக் குடுங்க.”

அவன் தலையாட்டினான்.

“ஏதோ சர்ட்டிபிகேட் கேட்டீங்களே, எதுக்கு?”

“ஒண்ணுமில்ல மேடம்.”

மனநிலை சரியில்லை என்று எழுதி வாங்கி வரச் சொன்னது வக்கீல். விவாகரத்து சுலபமாகக் கிடைக்குமாம். கோவில்பட்டிப் பெண்ணின் ஜாதகம் நேற்றே சாமி படத்துக்கு முன்னால் வந்துவிட்டது.

பக்கத்து அறையில் ஊசி போட்டுக்கொண்டு அவள் கையைத் தேய்த்தபடி வந்தாள். இருவரும் வெளியே இறங்கினார்கள்.

வெயிலில் நின்று, வெகு நாளைக்குப் பிறகு அவனை நேராகப் பார்த்தாள்.

“எங்க அண்ணனே என்னய விட்டுட்டான். நீங்கதான் விடாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தீய.”

அவனுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையாவது வந்திருக்கலாம். வெட்கம் மட்டும்தான் வந்தது.

அவள் நடந்தாள். நாலடியில் ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. கால் மரத்துப்போனவளுக்கு அது தெரியவில்லை. சுடுகிற தாரில் வெறுங்காலை வைத்துப் போய்க்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய் நிறுத்தினான். நடுத்தெருவில் மண்டியிட்டு, பாதத்தைப் பிடித்துச் செருப்பை மாட்டினான்.

அவள் கூசிப்போனாள்.

“ஐயோ, நாலு பேரு பாக்காவ. எந்திரிங்க.”

செருப்பு மாட்டி முடிந்திருந்தது.

அவன் எழவில்லை. எழுந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.