சூப்பர்வைசர் வேஷம்

“கையை எடுங்க சார்!”

எஸ்.டி.டி. பூத் ஓரமாக வண்டியை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்த ஆரோக்கியதாஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவர் மகள் அல்போன்சாவின் குரல். பக்கத்திலிருந்த ஜோஸ்பின் டீச்சர் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இங்கிலீஷ் டியூஷன் என்று நம்பித்தான், பிளஸ் டூ படிக்கிற பிள்ளையை நாகல் நகரிலிருந்த டீச்சர் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே பாய்ந்தார்.

உள்ளே ஆம்பளை ஒருத்தர்கூட இல்லை. மேசையைச் சுற்றி ஆறு பிள்ளைகள். ஆளுக்கொரு காகிதம், பென்சில். நடுவில் இரண்டு பகடை, ஒரு பிஸ்கட் டப்பா.

“எவன் கையை எடுக்கணும்? எங்க அவன்?”

“நான்தான் சார் அது,” என்று ஜோஸ்பின் டீச்சர் எழுந்தார். “விளையாட்டுல நான் சூப்பர்வைசர். தோள்ல கையை வைக்கிறேன்னு சொன்னேன். அதுக்கு உங்க பொண்ணு பதில் சொன்னா.”

“விளையாட்டா?”

“டியூஷன் முடிஞ்சிருச்சு சார். இது கதை விளையாட்டு. பெங்களூர்ல என் தம்பி ஃபிரெண்ட்ஸோட ஆடுவான். ஒருத்தர் கதையைச் சொல்லிட்டே போகணும். மத்தவங்க கதைக்குள்ள ஆளுக்கொரு ஆளா மாறி, நான் இதைச் செய்யுறேன்னு சொல்லணும். அது பலிக்குமா இல்லையான்னு பகடை உருட்டிப் பாக்கணும். அவன் கதையில பூதம், கோட்டை எல்லாம் வரும். நான் மில்லையும் டவுன் பஸ்ஸையும் வச்சிருக்கேன். இவங்கள்ல பாதிப் பேரு அடுத்த வருஷம் போகப்போற எடம் அதானே?”

ஆரோக்கியதாஸ் மகளின் காகிதத்தை எட்டிப் பார்த்தார். ‘பெயர்: மலர். வயது: 19. வேலை: நூல் மில். தைரியம்: 4’ என்று எழுதியிருந்தது.

“வயசுப் பிள்ளைகளை உக்கார வச்சு தாயம் உருட்டிக்கிட்டு... சரி, அந்தச் சூப்பர்வைசர் என்ன பேசினான்? அதையும் சொல்லுங்க, கேப்போம்.”

டீச்சர் பிள்ளைகளை ஒரு தரம் பார்த்தார். பிறகு கையிலிருந்த சீட்டைப் பார்த்துப் படித்தார்.

“‘மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு லீவு கேட்டா எப்படிம்மா குடுக்கிறது? கிட்ட வந்து சிரிச்சுக் கேளு. நீ என்னையக் கவனிச்சுக்கிட்டா, நான் உன்னையக் கவனிச்சுக்கிற மாட்டேனா?’”

ஆரோக்கியதாஸின் முகம் சுருங்கியது.

“சீ! ஒரு டீச்சர் வாயில வர்ற பேச்சா இது? நானும் மில்லுல சூப்பர்வைசர்தான். பதினெட்டு வருஷ சர்வீஸ். எவன் இப்படிப் பேசுவான்? நீங்களா கண்டதையும் கட்டிவிட்டுப் பிள்ளைக மனசைக் கெடுக்குறீங்க. நாளைக்கே உங்க ஸ்கூல் மேனேஜ்மெண்ட்டுக்கு எழுதிப் போடுறேன்.”

“எழுதுங்க சார். ஆனா நான் எதையும் கட்டிவிடல. ‘உங்க காதுல விழுந்து உங்களைக் கூச வச்ச பேச்சை எழுதி இந்த டப்பாவுல போடுங்க, பேர் வேணாம்’னு சொன்னேன். ஒவ்வொண்ணா எடுத்து, அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு பழகுறோம். நிஜத்துல நடக்குறப்ப நாக்கு ஒட்டிக்கிரும் சார். இங்க பழகினா அங்க வாய் வரும்.”

“பிள்ளைக பயந்து போயிட்டா?”

மரியசெல்வி என்கிற பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: “தாங்கலைன்னா மேசையைத் தட்டுவோம் அங்கிள். டீச்சர் உடனே நிறுத்திருவாங்க. ஏன்னு யாரும் கேக்க மாட்டோம்.”

ஆரோக்கியதாஸ் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை.

“அப்ப இந்த அசிங்கத்தை எழுதினது இந்த ஆறுல ஒண்ணு. அது யாருன்னு தெரியணும். அப்படிப்பட்ட பிள்ளைகூட என் மக உக்காரக் கூடாது.”

“எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்.”

“நீங்க என்ன சொல்றது!”

டீச்சரின் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கினார்.

ஊதா மையில் குண்டு குண்டாக எழுத்து. ஒவ்வொரு வரியும் லேசாக மேலே ஏறிப் போயிருந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நோட்டுகளில் பார்த்துப் பழகிய எழுத்து.

அல்போன்சா எழுதியது.

கோபம் டீச்சரை விட்டு வேறு எங்கோ பாய்ந்தது.

“பாப்பா... உங்கிட்டயா? எந்தப் பய உங்கிட்ட இப்படிப் பேசினான்?”

அல்போன்சா தலையைக் குனிந்துகொண்டாள்.

“பேரை மட்டும் சொல்லு. அப்பா இருக்கேன். அவன் பொண்டாட்டி பிள்ளைக முன்னாடியே அவனை நிறுத்தி, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்குறேன். சும்மா விட மாட்டேன்!”



“அல்போன்சா, நீ எதுவும் சொல்ல வேண்டியதில்ல,” என்றார் டீச்சர். “மேசையைத் தட்டும்மா. இதோட முடிச்சிருவோம்.”

அவள் கை மேசை மேல்தான் இருந்தது. விரல்கள் ஒரு தரம் உயர்ந்தன. பிறகு கையை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“வேணாம் டீச்சர். சொல்லிர்றேன்.”

அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தாலும் குரல் உடையவில்லை.

“எங்கிட்ட யாரும் பேசலப்பா. போன மாசம் உங்களுக்குச் சாப்பாடு குடுக்க மில்லுக்கு வந்தேன்ல... லீவு கேட்டு நின்ன அக்கா தோள்ல கையைப் போட்டு, நீங்க பேசுனதுதாம்ப்பா அது.”