ஆறாத டப்பா

வக்கீல் பகலெல்லாம் வாதாடி ஜெயிப்பார். பொழுது சாய்ந்தால் பாட்டிலிடம் தோற்றுப்போவார். வாரம் ஒருமுறை சிகிச்சை மையத்தில் சிறுநீர் கொடுத்து, குடிக்கவில்லை என்று நிரூபித்தால்தான் கறுப்புக் கோட்டு தோளில் தங்கும். அவரோ தம்பியின் சிறுநீரை ஒரு டப்பாவில் வாங்கி, ஆறிப்போனால் குட்டு உடைந்துவிடுமே என்று அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார். வியர்வையும் மூத்திரமும் கலந்த அந்த வாடைக்கு அவரே மூக்கைப் பொத்திக்கொள்வார்.

அன்று புது டப்பாவை வாங்கிக்கொண்ட நர்ஸ், ஃப்ரிட்ஜிலிருந்து பழையதையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். "போன வாரம் நீங்க குடுத்தது சார். இன்னும் ஆறவே இல்ல."

தொட்டார். காய்ச்சல்காரன் தொடைபோல் வெதுவெதுவென்று இருந்தது. சீ என்று விரலைக் கோட்டில் துடைத்தார்.

"ஃப்ரிட்ஜ் கெட்டுப்போயிருக்கும்மா. கொட்டித் தொலைங்க."

"பக்கத்துல இருந்ததெல்லாம் ஜில்லுனுதான் இருக்கு. சரி, காய்ச்சல் இருக்கான்னு பாக்கணும், கையத் தூக்குங்க."

அவர் வழக்கமாக இடுக்கும் அதே அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தாள். நெடுநேரமாகியும் பாதரசம் அசையவில்லை. உதறி மறுபடி வைத்தாள். அப்போதும் அசையவில்லை.

பழுதோ என்று அதைப் பழைய டப்பாமேல் சாய்த்தாள். பாதரசம் விறுவிறுவென்று ஏறியது. மூடிக்குள் மூச்சுபோல் ஆவி படிந்தது, கலைந்தது, மெல்ல மறுபடி படிந்தது.

"நார்மல்தான் சார்," என்றாள் நர்ஸ், டப்பாவைப் பார்த்து.