ஒருவழி அம்பு

இருபத்தோராம் நாள் காலை பத்து மணிக்குப் பேராசிரியர் கைபேசியை எடுத்து மேசை நடுவில் வைத்தார்.

அறை புழுங்கியது. போன வெள்ளிக்கிழமை சாத்திய ஜன்னலை அவர் இன்னும் திறக்கவில்லை. ஜன்னலுக்கு நேர் கீழே ரயில் நிலையம். கணக்குப் போடுகிறவருக்கு அது தீராத தலைவலி.

இன்று மகளுக்குச் செய்தி அனுப்பலாம். கணக்கு அப்படித்தான் சொல்லியிருந்தது.

செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சமிக்ஞைகளுக்குச் சமன்பாடு எழுதுவது அவர் வேலை. ஒரே சமிக்ஞையை ஓயாமல் கொடுத்துக்கொண்டிருந்தால் செல்லுக்குச் சலித்துப்போகும். அதை வாங்கும் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். கொஞ்ச காலம் சும்மா விட்டால் அவை தானாக வெளியே வரும். முப்பது வருஷமாக அவருக்கு இதே பிழைப்பு.

மனைவி போனபிறகு அவருக்கென்று இருந்தது, வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஒருத்திதான். ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை. அதனால் தினமும் காலையில் ஒரு 'குட் மார்னிங்மா', குடை எடுத்துக்கோ, சாப்பிட்டியா. ஆரம்பத்தில் நாலு வரி பதில் வந்தது. அப்புறம் ஒரு வரி. அப்புறம் 'ம்'. கடைசியில் அந்த 'ம்'மும் நின்றுபோனது.

வேறு அப்பனாக இருந்தால் அழுதிருப்பான், இல்லை பஸ் பிடித்துப் போய் நின்றிருப்பான். இவர் என்ன செய்தார்? இரண்டு வருஷப் பதில்களை எடுத்து, எழுத்தெழுத்தாக எண்ணி வளைகோடு போட்டார். கரும்பலகையில் பெற்ற மகளை ஒரு கட்டத்துக்குள் அடைத்து, தன்னிடமிருந்து அவளுக்கு ஓர் அம்பு வரைந்தார். விடை வந்தது: இருபது நாள் வாயைத் திறக்கக் கூடாது.

பக்கத்து ஆய்வகத்தில் செல் வளர்க்கும் பெண் ஒருநாள் அந்தப் பலகையைப் பார்த்தாள். கட்டத்துக்குள் இருப்பது யார் என்று அவளுக்குத் தெரியாது.

"ஒரு அம்புதானே சார் இருக்கு? அந்தச் செல் திருப்பி ஒண்ணும் அனுப்பாதா?"

"அனுப்பாதும்மா. அதானே பிரச்சினையே," என்றார்.

தன் கை சும்மா இருக்காது என்பது அவருக்குத் தெரியும். மகளின் பெயரைப் பார்த்தாலே ஏதாவது எழுதித் தொலைப்பார். அதனால் முதல் நாளே கைபேசியில் அவள் செய்திப் பக்கத்தைச் சத்தம் வராதபடி செய்து, கண்ணில் படாத மூலைக்குத் தள்ளிவிட்டார்.

பாவி மனுஷன், எப்படித்தான் தாக்குப்பிடித்தாரோ! மற்றவர்களுக்குப் பதில் போட்டார். தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டார். தினமும் காலையில், மகளின் சலிப்பு தீருவதைக் காட்டும் வளைகோட்டின் மேல் ஒரு புள்ளி வைத்தார். வெள்ளிக்கிழமை அது தொண்ணூறு சதவீதத்தைத் தொட்டபோது, யாருமில்லாத அறையில் சீட்டியடித்தார்.

இப்போது அந்த மூலையைத் திறந்தார்.

கணக்கு தப்பு. மூன்றே நாள் போதுமாக இருந்திருக்கிறது.

மூன்றாம் நாள்: 'என்னப்பா, குட் மார்னிங் காணோம்?'

ஆறாம் நாள்: 'உடம்பு கிடம்பு சரியில்லையா?'

பத்தாம் நாள்: 'ஆன்லைன்ல இருக்கீங்க. நான் அனுப்புறத மட்டும் திறக்க மாட்டேங்கறீங்க. எம்மேல கோவமாப்பா?'

பதினான்காம் நாள்: 'வெள்ளிக்கிழமை உங்க ஊர் வழியாத்தான் போறேன். பதினோரு மணிக்கு ரயில் பன்னெண்டு நிமிஷம் நிக்குமாம். ஏழாம் பெட்டி. வாங்கப்பா.'

வெள்ளிக்கிழமை, பதினொன்றே கால்: 'சரிப்பா.'

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

அன்று பதினோரு மணிக்கு, ஏதோ ஒரு ரயில் வந்து நின்று இரைகிறதே, வளைகோட்டை நிம்மதியாகப் பார்க்க விடமாட்டேன் என்கிறதே என்று எழுந்துபோய் அதை அறைந்து சாத்தியது அவர்தான்.