தாழ்ந்த கை

அந்தக் கடற்கரைக்குத் தானும் முதல் தடவைதான் வருவதாகக் குணசீலன் பஸ்ஸில் சொல்லியிருந்தான். கடைசி நிறுத்தத்தில் இறங்கியதும், கலங்கரை விளக்கத்துக்குப் போகும் தார்ச்சாலையை விட்டுவிட்டு, உடைமரங்களுக்கு நடுவே கண்ணுக்கே தெரியாமல் கிடந்த ஒற்றையடிப் பாதையில் யாரையும் கேட்காமல் நுழைந்தான். எழிலரசிக்கு அப்போதே சுருக்கென்றது. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவன் பின்னாலேயே நடந்தாள்.

மேட்டின் உச்சியில் பாதை ஒரு பாறையில் போய் முட்டியது. அவன் முதலில் ஏறிக்கொண்டான். கடலைப் பார்த்தபடியே குத்தவைத்து, இடக்கையை மட்டும் பின்னால் தொங்கவிட்டு, "பாத்து வா" என்றான். இதுவரை கேட்டிராத ஒரு குழைவு அந்தக் குரலில்.

கை ரொம்பத் தாழ்ந்திருந்தது. எழிலரசி அவனைவிட நாலு விரல் உயரம். ரிசப்ஷனில் போட்டோக்காரர் அவளைச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொன்னார். அந்தக் கையோ அவள் இடுப்பருகே, யாரோ ஒரு குள்ளச்சிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அவள் துணையில்லாமலே ஒரே எட்டில் ஏறிவிடலாம். கையைத் தட்டிவிட்டு, யார் அவள் என்று கேட்டுவிடலாம்.

எழிலரசி முழங்காலை மடக்கினாள். அந்த உயரத்துக்குத் தன்னைக் குறுக்கிக்கொண்டு கையைப் பிடித்தாள். அவன் விரல்கள் அவள் விரல்களோடு இறுகக் கோத்துக்கொண்டன. இத்தனை நாளில் அவன் அவளை அப்படிப் பிடித்ததில்லை.

பாறையைத் தாண்டிய பிறகும் அவன் விடவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. அவளும் நிமிராமலே நடந்தாள்.