காலி மெயில்

"வெள்ளிக்கிழமை நாலு நிமிஷம். இன்னிக்கு எட்டு நிமிஷம். எவனோ நம்ம சர்வரை வெச்சு விளையாடறான், நிருபமா" என்றார் மேலாளர் மஞ்சுநாத்.

நிருபமா திரையில் பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அல்சூரில் இருந்த அந்த அலுவலகத்தில் அவள் வேலையே ஒரு டயாலிசிஸ் மையத்தின் மென்பொருளைப் பார்த்துக்கொள்வதுதான். யாருக்கு எந்த மெஷின், எத்தனை மணிக்கு என்று அதுதான் சொல்லும். காலையில் அது உறைந்து நின்ற எட்டு நிமிடமும் பதினோரு பேர் வீங்கிய கால்களோடு காத்திருந்தார்கள்.

"ஒருத்தருக்கு மூச்சுத் திணறிடுச்சாம். அடுத்த தடவை பதினாறு நிமிஷம் ஆனா? ஆள் யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார். சின்னப்பான்னு பேரு. லிங்கராஜபுரம். வாரத்துக்கு ரெண்டு மெயில் அனுப்பறார்."

"என்ன எழுதறான்?"

"ஒண்ணுமே இல்ல சார். காலி மெயில். ஆனா அதுக்குள்ள பழைய மெயில், அதுக்குள்ள அதுக்கும் பழசு. உறைக்குள்ள உறை மாதிரி. மெயிலைப் பிரிச்சுப் படிக்க நாம வெளியிலேருந்து எடுத்துப் போட்ட ரெடிமேட் லைப்ரரி கோட் இருக்கில்ல, அது ஒரு உறை கூடினா ரெண்டு மடங்கு நேரம் எடுக்குது. அதான் ஹேங் ஆயிடுது."

"ஒரு எழுத்துகூட எழுதாம மெயில் போடறவன் சும்மா போடுவானா? ஓட்டையைக் கண்டுபிடிச்சிட்டான், அஷ்டே, அவ்வளவுதான்! பத்து உறைக்கு மேல வந்தா வெட்டி வீசற மாதிரி மாத்து. பன்னெண்டு மணிக்கு சைபர் போலீஸுக்குப் போறேன். பேரு, அட்ரஸ் டைப் பண்ணிக் குடு."

"வெட்டறதுக்கு முன்னாடி அடியில என்ன இருக்குன்னு பார்த்துடறேன் சார்."

"என்ன இருக்கும், குப்பை. நீ ஒருத்தி! சீக்கிரம் முடிம்மா."

அவர் போய்விட்டார். அடிக்க வேண்டிய புகாரை ஒதுக்கி வைத்துவிட்டு, நிருபமா ஒவ்வொரு உறையாகக் கையாலேயே பிரிக்கத் தொடங்கினாள். காலி. அடுத்ததும் காலி. ஒவ்வொரு காலி பதிலுக்கும் அடியில், மையத்திலிருந்து தானாகப் போகும் வழக்கமான நினைவூட்டல் மெயில்கள்; அவற்றைப் படிக்காமல் தாண்டினாள். இருபது, இருபத்திரண்டு, இருபத்து நான்கு. எல்லாம் வெறுமை. யாரோ எதிரில் உட்கார்ந்து பேசாமலேயே இருப்பதுபோல் இருந்தது.

கடைசி உறை மூன்று மாதத்துக்கு முந்தையது. அதில், அதுவரை அவள் தாண்டிவந்த மையத்தின் அதே மெயில் முழுதாக இருந்தது:

'சின்னத்தாயி அவர்களுக்கு நாளை காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ். வர இயலாவிட்டால் இந்த மெயிலுக்குக் கட்டாயம் பதில் அனுப்பவும்.'

அதற்கு மேல், சின்னப்பா எழுதியிருந்த ஒரே பதில்:

'ஐயா, என் மனைவி இன்று விடிகாலை இறந்துபோனாள். அவளுடைய மெஷினை, காத்திருக்கும் வேறு யாருக்காவது கொடுங்கள்.'