இடது பெடல்

டுரியான் துங்கால் வீட்டு போர்ச்சில், அண்ணனும் தம்பியும் ஆறு வருஷமாகச் சேர்ந்து கட்டிய கார் ஜாக்கியின் மேல் நின்றது. தம்பி கிஷன் போன மாசம் இறந்துபோனான்.

பிரேக் குழாயிலிருக்கும் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் அடியில் படுத்து ஸ்குருவைத் திறந்து மூட வேண்டும். மிதிப்பது எப்போதும் கிஷன்தான். இன்று அண்ணன் புவனேந்திரன் தன் மனைவி புனிதாவை உட்கார வைத்திருந்தான்.

"மிதி" என்பான். அவள் மிதித்ததும் ஸ்குருவைத் திறப்பான். எண்ணெயோடு குமிழிகள் வரும். மூடிவிட்டு, "விடு" என்பான். மூன்று சக்கரங்கள் இப்படியே முடிந்தன.

நான்காவது சக்கரத்தில், பெடலை மிதித்தபடியே புனிதா கேட்டாள்.

"ஏங்க, கிளட்ச்சுக்கும் சேர்த்தா எடுக்கிறீங்க?"

"இல்லலா, அது நாளைக்கு. ஏன்?"

"நான் பிரேக்கைத்தான் மிதிக்கிறேன். நீங்க மிதின்னா இடது பக்கம் கிளட்ச்சும் தானா இறங்குது. விடுன்னு சொன்னாத்தான் ஏறுது."

புவனேந்திரன் ஸ்குருவை இறுக்கி மூடினான். மழை பிடித்துக்கொண்டது.

"கால் வலிக்குதுங்க" என்றாள் புனிதா. "சொல்லுங்களேன்."

காருக்கடியில் படுத்திருந்தவனுக்கு அந்த ஒரு சொல் மட்டும் வாயில் வரவில்லை.